நிழல் இழக்கும் கால்வாய்! கொடி இழக்கும் மலை!

தென் பிரான்சுக்குப் பயணம் போக நினைப்பவர்கள் அறிய வேண்டிய கதை

பிரெஞ்சு தேசத்தின் தென் பகுதியில் ஒரு கால்வாய் இருக்கிறது. அதன் பெயர் "கனால் து மிதி". தெற்குக் கால்வாய் என்று பொருள்.

துலூஸ் நகரத்தில் அது புறப்படுகிறது. 240 கிலோ மீட்டர் தூரம் வளைந்து வளைந்து செல்கிறது. மத்தியதரைக் கடலை ஒட்டியுள்ள தோ என்னும் காயலில் போய்ச் சேருகிறது.

கால்வாயின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் திராட்சைத் தோட்டங்கள். வடக்கே மினெர்வுவா. தெற்கே கொர்பியேர் மலைகள். இரண்டும் ஒயின் என்னும் திராட்சை மதுவுக்குப் பெயர் போன வட்டாரங்கள்.

இந்தக் கால்வாயில் படகில் போவது உலகம் எங்கும் உள்ள உல்லாசப் பயணிகளின் ஆசை. பயணக் கம்பெனிகளின் விளம்பரங்களில் ஒரு படத்தை அடிக்கடி பார்க்கலாம். இரு கரையிலும் உயர்ந்த மரங்கள். மேலே பச்சைப் பந்தல். கீழே ஆடாமல் அசையாமல் தண்ணீர். நடுவே ஒரு சிறிய படகு.

அந்தப் படத்தை நம்பிப் போகிறவர்கள் இப்போது பல இடங்களில் திகைத்து நிற்கிறார்கள்.

மரங்களைக் காணோம்! கரை மொட்டையாக இருக்கிறது. வயல்களில் கொடிகளைப் பிடுங்கிக் குவித்திருக்கிறார்கள். தெற்கே மலைகள் கருகிக் கிடக்கின்றன.

என்ன நடந்தது? யார் செய்த வேலை இது? இனிமேல் அங்கே போகலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டுமானால், கால்வாய் வந்த கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

உப்பு வரி வசூலித்தவர் வெட்டிய கால்வாய்

பிரான்சுக்கு மேற்கே அட்லாண்டிக் கடல். தெற்கே மத்தியதரைக் கடல். ஒரு கடலில் இருந்து மற்றொரு கடலுக்குச் சரக்கு கொண்டுபோக வேண்டுமானால், அந்தக் காலத்தில் ஸ்பெயின் தேசத்தையே சுற்றிக்கொண்டு போக வேண்டும். வழியில் புயல் உண்டு. கடல் கொள்ளைக்காரர்கள் உண்டு.

நாட்டின் குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினால் என்ன?

பல மன்னர்கள் இப்படி நினைத்தார்கள். ஆனால் ஒருவராலும் முடியவில்லை. நடுவில் மேடு இருந்ததுதான் காரணம். மேட்டின் மேல் தண்ணீர் எப்படி ஏறும்?

இதற்கு வழி கண்டவர் பியேர் போல் ரிகே. அவர் என்ஜினீயர் அல்ல. உப்பு வரி வசூலிக்கும் குத்தகையை எடுத்திருந்தவர். பெஸியே என்ற ஊரில் பிறந்தவர்.

வடக்கே "கறுப்பு மலை" என்று ஒரு மலை இருக்கிறது. அங்கே சிற்றாறுகள் பல ஓடுகின்றன. அந்தத் தண்ணீரை எல்லாம் சேர்த்து, நோரூஸ் என்ற இடத்தில் உள்ள மேட்டின் உச்சிக்குக் கொண்டுவந்து விட்டால் போதும். அங்கிருந்து ஒரு பாதி மேற்கே ஓடும். மறு பாதி கிழக்கே ஓடும். இதுதான் ரிகே கண்டுபிடித்த வழி.

பதினான்காம் லூயி மன்னர் 1666-ம் ஆண்டில் அனுமதி கொடுத்தார். கோல்பேர் என்ற மந்திரி ஆதரவு கொடுத்தார்.

ஸேன் ஃபெரியோல் என்ற இடத்தில் பெரிய அணை ஒன்று கட்டினார்கள். வேலை மும்முரமாக நடந்தபோது சுமார் 12 ஆயிரம் பேர் மண் வெட்டினார்கள், மண் சுமந்தார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

ரிகே தன் சொந்தப் பணத்தையும் இதில் கொட்டினார். கடன் மேல் கடன் வாங்கினார். ஆனால் கால்வாய் திறக்கப்பட்டதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1680-ம் ஆண்டில் அவர் இறந்துபோனார். மறு ஆண்டு, 1681-ல், கால்வாய் திறக்கப்பட்டது.

படகு படி ஏறுகிறது!

மேடு பள்ளத்தில் படகு எப்படிப் போகும்?

இதற்காகக் கட்டப்பட்டவைதான் "லாக்"குகள். லாக் என்பது கால்வாயின் நடுவே கட்டிய ஒரு தொட்டி. முன்னும் பின்னும் கதவுகள் இருக்கும். படகு உள்ளே வந்ததும் பின் கதவை மூடுவார்கள். மேலே உள்ள தண்ணீரைத் தொட்டிக்குள் விடுவார்கள். தண்ணீர் ஏற ஏறப் படகும் ஏறும். மேல் மட்டம் வந்ததும் முன் கதவைத் திறப்பார்கள். படகு போய்விடும். இறங்குவதற்கு இதையே திருப்பிச் செய்வார்கள்.

பெஸியே நகருக்குப் பக்கத்தில் ஃபோன்ஸெரான் என்ற இடம் இருக்கிறது. அங்கே எட்டுத் தொட்டிகள் படிக்கட்டு போல அடுத்தடுத்து இருக்கின்றன. படகுகள் அந்தத் தண்ணீர்ப் படிக்கட்டில் ஏறி இறங்குவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது.

அதற்குச் சற்று மேற்கே மால்பா என்ற குன்று. 1679-ம் ஆண்டில் அந்தக் குன்றைக் குடைந்து, அதற்குள்ளேயே கால்வாயைக் கொண்டுபோனார்கள். ஐரோப்பாவில் கால்வாய்க்காகக் குடையப்பட்ட முதல் சுரங்கம் அதுதான்.

1996-ம் ஆண்டில் யுனெஸ்கோ இந்தக் கால்வாயை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஊர் முழுவதும் ஒரே பயிர்

கால்வாய் வந்ததும் வியாபாரம் பெருகியது. முதலில் கோதுமை போயிற்று. பிறகு ஒயின் பீப்பாய்கள் போயின. ஓம்ப்ஸ் போன்ற சிறிய ஊர்கள் ஒயின் துறைமுகங்களாக மாறின.

1857-ம் ஆண்டில் ரெயில் பாதை வந்தது. பாரிசிலும் வடக்கே உள்ள தொழில் நகரங்களிலும் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தினமும் மலிவான ஒயின் வேண்டும். தெற்கில் இருந்து அது வண்டி வண்டியாகப் போயிற்று.

விவசாயிகள் பார்த்தார்கள். கோதுமை எதற்கு? ஆடு மாடு எதற்கு? எல்லா நிலத்திலும் திராட்சைக் கொடியை நட்டார்கள். சமவெளி முழுவதும் ஒரே பயிர் ஆகிவிட்டது.

ஒரே பயிரை நம்பினால் என்ன ஆகும்? அந்தப் பயிருக்குக் கேடு வந்தால் ஊருக்கே கேடு வரும். அதுதான் நடந்தது.

முதலில் பூச்சி வந்தது. "ஃபிலாக்ஸெரா" என்ற சின்னஞ்சிறு பூச்சி. அமெரிக்காவில் இருந்து வந்து, கொடிகளின் வேரைத் தின்றது. 1860-க்குப் பிறகு பிரான்சின் தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப் போட்ட பிறகுதான் பிழைத்தார்கள்.

பிறகு விலை விழுந்தது. தோட்டங்கள் மீண்டும் தழைத்தபோது விளைச்சல் அளவுக்கு மீறிப் போயிற்று. போதாக்குறைக்குச் சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயினும் சந்தைக்கு வந்தது. விளைந்ததை வாங்க ஆள் இல்லை.

ஞாயிறுதோறும் கூடிய கூட்டம்

1907-ம் ஆண்டு மார்ச் மாதம் 11-ந் தேதி. கால்வாய்க்கு அருகில் உள்ள ஆர்ஷெலியே என்ற கிராமத்தில் இருந்து 87 விவசாயிகள் நார்போன் நகருக்குப் புறப்பட்டார்கள். தங்கள் கஷ்டத்தை அரசாங்கக் கமிட்டியிடம் சொல்லப் போனார்கள்.

அவர்களுக்குத் தலைவர் மார்ஸலேன் ஆல்பேர். அந்தக் கிராமத்தில் சிறிய காப்பிக் கடை வைத்திருந்தவர். கொஞ்சம் நிலமும் உண்டு.

அதன் பிறகு ஞாயிறுதோறும் ஒவ்வோர் ஊரில் கூட்டம் கூடியது. ஒவ்வொரு வாரமும் கூட்டம் பெருத்தது. ஜூன் 9-ந் தேதி மோன்பெலியே நகரில் கூடியவர்கள் 5 லட்சம் பேருக்கு மேல் இருக்கும் என்று சொல்கிறார்கள்.

பிரதம மந்திரி கிளெமான்ஸோ பட்டாளத்தை அனுப்பினார். நார்போனில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் மாண்டார்கள். பதினேழாவது படைப் பிரிவின் சிப்பாய்கள், "எங்கள் ஜனங்களை நாங்கள் சுட மாட்டோம்" என்று கலகம் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள்!

ஆல்பேர் பாரிசுக்குப் போய்ப் பிரதம மந்திரியைப் பார்த்தார். திரும்பிப் போக ரெயில் செலவுக்கு என்று கிளெமான்ஸோ 100 பிராங்கு நோட்டு ஒன்றைக் கொடுத்தார். ஆல்பேர் வாங்கிக்கொண்டார். செய்தி வெளியே வந்தது. "தலைவர் விலை போய்விட்டார்" என்று பேச்சு கிளம்பியது. அதோடு அவருடைய செல்வாக்கு போயிற்று.

ஆனாலும் போராட்டம் வீண் போகவில்லை. 1907 ஜூன் 29-ந் தேதி போலி ஒயினை ஒடுக்கச் சட்டம் வந்தது. விவசாயிகள் ஒன்றுசேர்ந்து ஊருக்கு ஊர் கூட்டுறவு ஆலைகளைக் கட்டினார்கள். கோவில் போல உயர்ந்து நிற்கும் அந்தக் கட்டிடங்களை இன்றும் கால்வாய்க் கரை ஊர்களில் பார்க்கலாம்.

கொடியைப் பிடுங்கினால் பணம்!

அன்று போலி ஒயின் வில்லன். இன்று வில்லன் யாரும் இல்லை. பிரெஞ்சு மக்களே ஒயின் குடிப்பதைக் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்.

1960-ம் ஆண்டு வாக்கில் பிரான்சில் ஆள் ஒன்றுக்கு ஆண்டுக்கு 120 லிட்டர் ஒயின் செலவாயிற்று. இப்போது சுமார் 40 லிட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு!

உடல் நலத்துக்கு இது நல்லது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். குடும்பங்களுக்கும் நல்லதுதான். ஆனால் கொடியை நம்பி வாழ்ந்த விவசாயியின் நிலை என்ன?

வெளிநாட்டு விற்பனையும் கை கொடுக்கவில்லை. 2025-ம் ஆண்டில் ஐரோப்பியச் சரக்குகள் மீது அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி இன்னொரு அடி. மழை இல்லாமை மற்றோர் அடி. 2022-ம் ஆண்டில் இருந்து இந்த வட்டாரத்தின் தென் பகுதியைக் கொடிய வறட்சி வாட்டியது.

அரசாங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. கொடியைப் பிடுங்குகிறவர்களுக்குப் பணம்!

2024-ம் ஆண்டில் இதற்காக 12 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. ஒரு ஹெக்டேருக்கு, அதாவது இரண்டரை ஏக்கருக்கு, 4,000 யூரோ. நாடு முழுவதும் சுமார் 27 ஆயிரம் ஹெக்டேரில் கொடிகளைப் பிடுங்க விவசாயிகள் முன்வந்தார்கள். கால்வாய் ஓடும் ஓட் மாவட்டம் இதில் முன்வரிசையில் நின்றது. 2025 நவம்பரில் மேலும் 13 கோடி யூரோ கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது.

இது புதிய வைத்தியம் அல்ல. 1970-க்குப் பிறகு இந்தத் தென் வட்டாரத்தில் ஏறக்குறையப் பாதிக் கொடிகள் இப்படிப் போய்விட்டன.

பணம் வாங்கியவர்களில் பலர் வயதானவர்கள். பிள்ளைகள் நகரத்தில் வேலைக்குப் போய்விட்டார்கள். தாத்தா நட்ட கொடியைப் பேரன் காலத்தில் பிடுங்குவதற்கு யாருக்கும் மனம் வராது. ஆனால் கடன்காரன் மனதைப் பார்ப்பது இல்லை.

மலை எரிந்தது

கொடி போன நிலத்தில் என்ன முளைக்கும்?

உழவு இல்லாத நிலத்தில் சில ஆண்டுகளில் புதர் மண்டும். முள் செடிகள் வரும். பைன் மரம் வரும். கோடையில் அவை காய்ந்து சருகாகும்.

திராட்சைத் தோட்டம் அப்படி அல்ல. வரிசைக்கு வரிசை இடைவெளி இருக்கும். மண் உழுதிருக்கும். கோடையிலும் கொடியில் பச்சை இலை இருக்கும். காட்டில் பற்றிய தீ தோட்டத்துக்கு வந்தால் பெரும்பாலும் அங்கே தணிந்துவிடும். யாரும் செலவு செய்து கட்டாத தீத் தடுப்புச் சுவர் அது.

2025 ஆகஸ்டு 5-ந் தேதி கொர்பியேர் மலையில் ரிபோத் என்ற ஊருக்கு அருகே தீப் பிடித்தது. காற்று பலமாக வீசியது. 2 ஆயிரத்துக்கு மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் போராடினார்கள். ஆகஸ்டு 7-ந் தேதிதான் தீ பரவுவது நின்றது.

அதற்குள் சுமார் 16 ஆயிரம் ஹெக்டேர் எரிந்துபோயிற்று. ஏக்கர் கணக்கில் ஏறக்குறைய 40 ஆயிரம். பாரிஸ் நகரம் முழுவதையும் விட இது பெரிய பரப்பு! ஒரு பெண் உயிர் இழந்தார். பல வீடுகள் சாம்பல் ஆயின.

அப்போது பிரதம மந்திரியாக இருந்த பிரான்ஸ்வா பேய்ரூ நேரில் வந்து பார்த்தார். கொடிகள் போனதால்தான் தீ இவ்வளவு தூரம் ஓடியது என்று அந்த வட்டாரத்தில் பலரும் சொன்னார்கள்.

வெப்பமும் வறட்சியும் காற்றும் தீக்குப் பெரிய காரணங்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் தடுக்க நின்ற பச்சை வேலி குறைந்துபோனதும் உண்மை. கொடியைப் பிடுங்கக் கொடுத்த பணத்தைக் கணக்கில் எழுதலாம். அந்த வேலி போனதன் விலை எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மரத்துக்கு வந்த நோய்

இனிக் கால்வாய்க் கரை மரங்களின் கதை.

அவை "பிளேன்" மரங்கள். காஷ்மீரத்தில் உள்ள சினார் மரத்துக்கு உறவு. அகன்ற இலை. பெரிய நிழல்.

பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில் நடப்பட்டவை. சுமார் 42 ஆயிரம் மரங்கள் இருந்தன. அவற்றின் வேர் கரையைப் பிடித்துக்கொண்டது. நிழல் தண்ணீர் ஆவியாகாமல் காத்தது.

இந்த மரங்களுக்கு எமனாக வந்தது ஒரு பூஞ்சைக் காளான். கண்ணுக்குத் தெரியாத கிருமி. மரத்தின் உள்ளே நீர் ஓடும் பாதையை அது அடைத்துவிடும். சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். மருந்து கிடையாது.

இந்தக் கிருமி அமெரிக்காவைச் சேர்ந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் படைகளின் மரப் பெட்டிகளில் பிரான்சுக்கு வந்திருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

2006-ம் ஆண்டில் கார்க்காஸோன் நகருக்கு அருகே கால்வாய்க் கரையில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு மரத்தின் வேர் அடுத்த மரத்தின் வேரைத் தொடுகிறது. நோய் தாவுகிறது. தண்ணீர் வழியாகவும் போகிறது. படகுகள் வேரில் உரசும்போதும், மரத்தில் கயிறு கட்டும்போதும் ஏற்படும் காயத்தின் வழியாகவும் நுழைகிறது.

நோய் கண்ட மரத்தை வெட்டி எரிக்க வேண்டும். பக்கத்தில் உள்ள நல்ல மரத்தையும் வெட்ட வேண்டும். வேறு வழி இல்லை. இதுவரை பாதிக்கு மேற்பட்ட மரங்கள் போய்விட்டன.

காரணம் என்ன? கரை நெடுக ஒரே இன மரம்! ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வந்தது.

மரத்தில் கற்ற பாடம்

கால்வாயைப் பராமரிக்கும் அரசாங்க நீர்வழி நிறுவனம் மீண்டும் மரம் நட்டு வருகிறது. செலவு 20 கோடி யூரோவுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பொதுமக்களிடமும் நன்கொடை கேட்கிறார்கள்.

இந்தத் தடவை ஒரே இன மரத்தை நடவில்லை. ஓக் இனத்தில் ஒரு வகை மரத்தை முக்கியமாக வைத்திருக்கிறார்கள். அதோடு வெள்ளைப் பாப்ளர், லிண்டன், மேப்பிள், பைன் என்று இடத்துக்குத் தகுந்தபடி பல இனங்களைக் கலந்து நடுகிறார்கள். நாளைக்கு ஓர் இனத்துக்கு நோய் வந்தாலும் மற்றவை நிற்கும்.

மரத்தில் கற்ற இந்தப் பாடத்தை வயலிலும் கற்றிருக்கிறார்களா?

சிலர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கொடி போன நிலத்தில் ஆலிவ் நடுகிறார்கள். வாதுமையும் மாதுளையும் பிஸ்தாவும் வைத்துப் பார்க்கிறார்கள். நோய் தாங்கும் புதிய திராட்சை ரகங்களைப் பயிரிடுகிறார்கள். ரோன் நதியின் தண்ணீர் குழாய் வழியாக நார்போன் பக்கம் வரை வருகிறது. கடற்கரையில் உள்ள க்ரூஸான் என்ற ஊரில், சுத்தம் செய்த கழிவு நீரைக் கொடிகளுக்குப் பாய்ச்சிச் சோதனை செய்தார்கள்.

ஆனால் புதிய பயிர் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குத் தண்ணீர் வேண்டும். விற்கச் சந்தை வேண்டும். அதுவரை வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா?

அதனால்தான் எல்லாருடைய கண்ணும் உல்லாசப் பயணிகள் மேல் விழுகிறது.

பயணிகள் மட்டும் போதுமா?

1980-களின் முடிவோடு கால்வாயில் சரக்குப் படகுகள் நின்றுவிட்டன. அதன் பின் கால்வாய்க்கு உயிர் கொடுத்தவர்கள் பயணிகள்தான். அவர்கள் வராமல் இருந்தால் பல லாக்குகளும் கரைகளும் பாழாய்ப் போயிருக்கும்.

படகுக் கம்பெனி, சாப்பாட்டுக் கடை, தங்கும் விடுதி, சைக்கிள் கடை எல்லாம் பயணிகளால் பிழைக்கின்றன. விவசாயி தன் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறார். தோட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார். தன் சரக்கைத் தரகர் இல்லாமல் நேரே விற்கிறார்.

இது நல்ல வருமானம். ஆனால் ஆண்டு முழுவதும் வருகிற வருமானம் அல்ல. படகுக் காலம் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரைதான். குளிர் காலத்தில் லாக்குகளை மூடிப் பழுது பார்ப்பார்கள். அப்போது கரை ஊர்கள் வெறிச்சோடும்.

இன்னொன்றும் உண்டு. பயணி எதைப் பார்க்க வருகிறார்? கொடி படர்ந்த வயலையும் நிழல் தரும் கரையையும் பார்க்க வருகிறார். கொடியும் நிழலும் போய்விட்டால் பயணியும் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்.

ஆகவே விவசாயத்தைக் கைவிட்டு, பயணிகளை மட்டும் நம்பினால், பழைய தவறையே இன்னொரு தடவை செய்ததாகும். அன்று ஒரே பயிர். பிறகு ஒரே மரம். இன்று ஒரே தொழிலா?

கொடியும் வேண்டும். வேறு பயிரும் வேண்டும். பயணியும் வேண்டும். மலைச் சரிவில் தீயைத் தடுத்து நிற்கும் தோட்டத்துக்கு, அது தரும் காவலுக்காகவே அரசாங்கம் பணம் கொடுப்பதும் நியாயம்தான். பிடுங்குகிறவருக்குக் கொடுக்கும் கஜானா, காக்கிறவருக்கும் கொடுக்கலாம் அல்லவா?

போகிறவர்கள் கவனிக்க!

அங்கே போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். கெட்டுப்போன ஊர் என்று நினைக்க வேண்டாம். ஆனால் விவரம் தெரிந்து போக வேண்டும்.

எப்போது போவது? ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்ல காலம். செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம். ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும் திராட்சை அறுவடை நடக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும். தீ அபாயம் உள்ள நாட்களில் மலைப் பாதைகளை மாவட்ட அதிகாரிகள் மூடிவிடுவார்கள். புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

எப்படிப் போவது? பாரிசில் இருந்து துலூசுக்கும், நார்போனுக்கும், பெஸியேவுக்கும் அதிவேக ரெயில் உண்டு. நாலு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மனுச் செய்யலாம். கடைசி நேரம் வரை காத்திருக்கக் கூடாது.

படகு ஓட்டத் தெரியாதே? கவலை வேண்டாம். வாடகைப் படகுக்கு லைசென்ஸ் தேவை இல்லை. படகுக் கம்பெனிக்காரர்களே புறப்படும் முன் சொல்லிக்கொடுப்பார்கள். கால்வாயில் மணிக்கு 8 கிலோ மீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வாரத்தில் முழுக் கால்வாயையும் பார்க்க ஆசைப்பட்டால் லாக்கில் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பல லாக்குகளை மூடிவிடுவார்கள்.

புதியவர்களுக்கு நல்ல வழி எது? ஆர்ஷான் என்ற ஊரில் இருந்து பெஸியே வரை சுமார் 54 கிலோ மீட்டருக்கு லாக்கே கிடையாது. அந்த வழியில்தான் லே ஸொமாய் என்ற பழைய கரை ஊரும், காப்பேஸ்டாங் ஊரும், மால்பா சுரங்கமும் இருக்கின்றன.

குழந்தைகளோடு போகிறவர்களுக்குக் கார்க்காஸோன் கோட்டை கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். இரட்டை மதில் கொண்ட பழைய கோட்டை நகரம் அது. ஒயின் தொடாதவர்களும் கூச்சப்பட வேண்டியது இல்லை. பல தோட்டங்களில் புளிக்காத திராட்சைச் சாறு கிடைக்கும். கொடியைப் பார்க்கவும், விவசாயியோடு பேசவும் குடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காஸ்தல்நோதாரி ஊரின் புகழ் பெற்ற "கஸ்ஸூலே" பார்க்க மொச்சைக் குழம்பு போல இருக்கும். ஆனால் அதில் வாத்துக் கறியும் பன்றிக் கறியும் சேர்ந்திருக்கும். கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

செய்யக் கூடாதவை எவை? படகுக் கயிற்றை மரத்தில் கட்டக் கூடாது. அதற்குத் தடை இருக்கிறது. முளை அடித்துத்தான் கட்ட வேண்டும். மலையில் அடுப்பு மூட்டக் கூடாது. சிகரெட்டுத் துண்டைக் காட்டில் எறியக் கூடாது.

செய்ய வேண்டியவை எவை? பணத்தைக் கரை ஊர்களிலேயே செலவிடலாம். ஊர்க் கூட்டுறவு ஆலையின் கடையில் வாங்கலாம். விவசாயி வீட்டில் தங்கலாம். மரம் நடும் நிதிக்குச் சிறு தொகை கொடுக்கலாம்.

நிழல் திரும்புமா?

மரம் இல்லாத இடங்களில் வெயில் தலையில் அடிக்கும். தொப்பியும் தண்ணீரும் வேண்டும். அங்கே கரையோரம் வரிசையாக இளங்கன்றுகள் நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் கம்பு கட்டிக் காவல் வைத்திருக்கிறார்கள்.

இன்று போகிறவர்களுக்கு அவை நிழல் தரப் போவது இல்லை. பச்சைப் பந்தல் மறுபடி கூட இன்னும் பல பத்து ஆண்டுகள் ஆகும். இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் பெரியவர்களாகி, தங்கள் பிள்ளைகளோடு போகும்போது அங்கே நிழல் இருக்கும்.

ஆனால் கரையில் நிழல் இருந்து, பக்கத்து வயலில் பயிர் இல்லாமல், ஊரில் ஆள் இல்லாமல் போனால் அதில் என்ன பயன்? மரத்தை நடுவதற்குக் காட்டுகிற அக்கறையை, மண்ணில் பாடுபடுகிற குடும்பங்கள் மீதும் பிரெஞ்சு அரசாங்கம் காட்ட வேண்டும். அந்தக் குடும்பங்கள் இருந்தால்தான் கால்வாய்க் கரையில் ஊர் இருக்கும்.